எழுதாம விட்ட அஞ்சாவது நாள்

மொதல்லயே சொல்லிடுறேன், நான் நடுரோட்டுல கெடக்குற எலுமிச்சம்பழத்த மிதிச்சிட்டுப் போயி பஸ்ஸு ஏறுற ஆளு. சாமி கும்புடுவேன், அதோட சரி. ஆவி, காத்து, கருப்புன்னு யாராச்சும் ஆரம்பிச்சா வேலவெட்டி இல்லாத பேச்சுன்னு வாயடைச்சிடுவேன். இப்ப நானே உங்க முன்னாடி ஒக்காந்து இதச் சொல்ல வேண்டியிருக்குது. நீங்க நம்பலன்னா எனக்கு வருத்தமில்லீங்க, நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்.

விருத்தாசலம் பீங்கான் தொழில்பேட்டையில ஒரு சின்ன கம்பெனியில இருவது வருசமா இருக்கேன். பொம்மையும் ஜாடியும் வார்க்கிறது, காய வெக்கிறது, சூளையில அடுக்குறது வரைக்கும் என் பொறுப்பு. எங்கூட வேல பாத்தவ ரெஹானா, மங்கலம்பேட்டையிலேருந்து தெனம் பஸ்ஸுல வருவா. அவ வூட்டுக்காரர் சவுதியில, புள்ளைங்க இல்ல. எனக்கு வூட்டுக்காரர் தவறிட்டாரு, பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சு. ரெண்டு பேருக்கும் வூட்டுக்கு ஓடிப்போயி செய்ய ஒண்ணும் இல்லாததால சாயங்கால டீ நீண்டுகிட்டே போவும்.

அப்படி ஒரு சாயங்காலம் அவ போன்ல ஒரு படத்தக் காட்டுனா. பினாங்கு தீவுல, அந்தப் பழைய டவுனுல, சீனாக்காரங்க கட்டுன வூடாம், கூரை பூரா பூவும் பறவையும் பாம்பு மாதிரி ஏதோவும், எல்லாம் ஒடஞ்ச பீங்கான் கிண்ணத்த வெட்டி ஒட்டுனது. "நாம ஒடஞ்சதெல்லாம் கொண்டுபோயி பின்னாடி மலையாட்டம் கொட்டி வெச்சிருக்கோம் பாருங்கக்கா, அங்க அத கூரையில பூக்க வெச்சிருக்காங்க. இத கண்ணால பாக்காம நாம என்னா பீங்கான் வேல பாத்தோம்"னு சொன்னா. வேடிக்கையா ஆரம்பிச்சது வெனையாயிடுச்சு. ஆறே மாசத்துல ரெண்டு பேருக்கும் பாஸ்போர்ட்டு வந்துடுச்சு, தைப்பூசத்துக்கு அங்க இருக்குற மாதிரி டிக்கெட்டும் போட்டாச்சு. பேட்டையே சிரிச்சுது. "இங்க இருக்குற கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போவ நேரமில்லாதவங்க கப்பலேறப் போறாங்களாம்"னு மோல்டு போடுற அந்தோணி அண்ணன் கிண்டல் பண்ணுவாரு. கப்பல் இல்ல அண்ணே பிளேனுன்னு அவ திருத்துவா.

கடை கடையா ஏறி எறங்கக் கூடாது, பீச்சுல நின்னு போட்டோ எடுக்கக் கூடாது, அந்த ஊரு மனுசங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு பாக்கணும், இது அவ போட்ட கண்டிசன். அத பேப்பருல எழுதுனா தொலைஞ்சிடும்னு, மிஞ்சுன மண்ணத் தேய்ச்சு அஞ்சு டைல்ஸ் வெட்டுனா, ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு. ஊசியால மண்ணுல கீறி எழுதுனா. மொத நாளு தமிழ் ஆளுங்க கடைத்தெருவும் பழைய பள்ளிவாசலும். ரெண்டாவது நாளு பூசத் தேரு. மூணாவது நாளு மலைக்கோயிலு. நாலாவது நாளு அந்தக் கூரை, காலையிலேருந்து பொழுது போற வரைக்கும் அதுமட்டுந்தான். அஞ்சாவதுல ஒண்ணும் எழுதல. "என்னா எழுதறதுன்னு அங்க போயி பாத்துக்கலாம்க்கா, ஒரு நாளாச்சும் எவனும் சொல்லாத எடத்துக்குப் போவோம்"னா.

அந்தக் கார்த்திகையில மழை விடவே இல்ல. சரக்கு காயாம எல்லாம் பின்தங்கிக் கெடந்துச்சு. அன்னைக்கு மத்தியானம் சூளை அடுக்கிகிட்டிருந்தோம். அவ நடுவுல நின்னு எடது தோள்பட்டையப் பிடிச்சிகிட்டா. "அக்கா, கை இழுக்குது, வேர்த்து வேர்த்து ஊத்துது, நான் வூட்டுக்குப் போவட்டா"ன்னு கேட்டா. நான் என்னா சொன்னேன் தெரியுமா? "சூளை வேல பாக்குறவளுக்கு வேர்க்காம பனியா கொட்டும், கேஸ்ஸா இருக்கும், சோடா வாங்கிக் குடி, இந்த ரெண்டு அடுக்க முடிச்சிட்டுப் போ"ன்னேன். சூளை எரியவே இல்ல அப்போ. ஜில்லுன்னு கெடந்துச்சு. அவ ரெண்டு அடுக்கையும் முடிச்சுக் குடுத்துட்டு, "போயிட்டு வரேன்க்கா"ன்னு குடைய எடுத்துகிட்டுப் போனா.

அவ போனதும் அந்த அஞ்சு டைல்ஸையும் நாந்தான் மேல் அடுக்குல வெச்சேன். நல்லாக் காஞ்சிருந்துச்சு. ஒவ்வொண்ணையும் பிரஷ்ஷால தூசி தட்டி வெச்சேன். அஞ்சாவது வெறுமையா மழமழன்னு இருந்துச்சு, அது இன்னைக்கும் என் கண்ணுல இருக்குது. அப்பறம் சூளைக் கதவ நானே சாத்துனேன்.

அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அவ போயிட்டா. பஸ்ஸுலேருந்து எறங்கி வூட்டு வாசப்படி ஏறுனாளாம், அவ்வளோதான். மறுநாள் மங்கலம்பேட்டையில அவ பக்கத்துல ஒக்காந்திருந்தேன். வூட்டுக்காரர் வந்து சேர முடியல, போன்லதான் மொகத்தப் பாத்தாரு. அடக்கம் பண்ண எடுத்துகிட்டுப் போற நேரத்துல இங்க எங்க சூளை எரிஞ்சிகிட்டிருக்குது, அவ அடுக்குன சரக்கு வெந்துகிட்டிருக்குது. அந்த நெனப்பு எனக்கு எப்படி இருந்திருக்கும்னு பாருங்க.

சூளை ஆறி, கதவத் தெறந்தப்ப காலையில பத்து மணி இருக்கும். நானும் அந்தோணி அண்ணனும் நின்னோம். நாலு டைல்ஸும் அவ எழுத்தோட வெளேர்னு வந்திருந்துச்சு. அஞ்சாவதுல ஒரு கை பதிஞ்சிருந்துச்சு. வலது உள்ளங்கை, ரேகை மொதக்கொண்டு ஆழமா. சுண்டு விரல் உள்பக்கமா வளைஞ்சிருந்துச்சு. ரெஹானாவுக்கு அந்த விரல் சூளைக் கதவுல நசுங்கி வளைஞ்சது, பேட்டையில எல்லாருக்கும் தெரியும்.

நான் அழுதுட்டேன். பயத்துல இல்ல. மண்ணு ஈரமா இருக்கறப்பவே அவ கைய வெச்சிருப்பா, நாந்தான் கவனிக்கல, சரியாப் பாக்காம தூசி தட்டியிருப்பேன்னு என் மனசே எனக்குச் சொல்லிடுச்சு. என் கைய அதுமேல வெச்சேன். அவ கை என் கையவிடப் பெருசு, என் விரல சுத்தி எடம் இருந்துச்சு.

அந்தோணி அண்ணன் அந்தக் கையையே உத்துப் பாத்துகிட்டிருந்தாரு. மோல்டு போடுறவரு கண்ணு அளவுலதான் இருக்கும். எங்க தொழில்ல சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரிஞ்ச விசயம் ஒண்ணு, பச்ச மண்ணு வெந்தா சுருங்கும். எங்க மண்ணு எட்டுக்கு ஒரு பங்கு சுருங்கும். எட்டு அங்குலம் வெச்சா ஏழு அங்குலமா வெளிய வரும், அதனால எதையும் பெருசாத்தான் செய்வோம். ஈரத்துல பதிச்ச கையும் மண்ணோட சேந்து சுருங்கித்தானே வரணும்?

முந்தின வருசம் மோதிரம் மாட்டி வெக்கிற கை பொம்மை ஒண்ணுக்காக ரெஹானாவோட கைய வெச்சுத்தான் ப்ளாஸ்டர்ல மோல்டு எடுத்தாரு. விரல் வளைஞ்சிருக்குன்னு வாங்க வந்தவங்க வேணாம்னுட்டாங்க, மோல்டு அலமாரியில கெடந்துச்சு. ப்ளாஸ்டர் சூளைக்குள்ள போறதில்ல, அவ கை உயிரோட என்னா அளவோ அதே அளவுதான் அதுல. அண்ணன் அதத் தூக்கிட்டு வந்து பக்கத்துல வெச்சாரு. மோல்டுல மணிக்கட்டுலேருந்து நடு விரல் நுனி வரைக்கும் ஏழு அங்குலம். டைல்ஸ்லயும் ஏழு அங்குலம். டைல்ஸ அளந்தாரு, பத்து அங்குலமா வெட்டுனது ஒழுங்கா சுருங்கி ஒம்போதுக்கும் கீழ வந்திருந்துச்சு. கை மட்டும் சுருங்கல.

அப்படின்னா சுட்டு முடிச்ச பீங்கான்லதான் அந்தக் கை பதிஞ்சிருக்கணும். சுட்ட பீங்கான்ல நீங்க சுத்தியாலதான் தட்டலாம், ஒடையும், பதியாது. அண்ணன் மூணு தடவ அளந்தாரு. அப்பறம் ஸ்கேல பாக்கெட்டுல போட்டுகிட்டு, "யார்கிட்டயும் சொல்ல வேணாம்மா"ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. ஒரு வார்த்த கிண்டல் பண்ணல.

நான் பினாங்குக்குப் போவல. எப்படிங்க போறது? கொளஞ்சியப்பர் கோயிலுல பேப்பருல எழுதி பிராது கட்டுவாங்க இல்ல, எனக்கு இன்னார் அநியாயம் பண்ணிட்டாங்க, நீதான் கேக்கணும்னு, நானும் ஒருநாள் பேப்பரும் பேனாவுமா போயி ஒக்காந்தேன். யார் மேல எழுதறது? என் பேரத்தான் எழுதணும். எழுதாம எழுந்து வந்துட்டேன்.

ஒருத்தங்க உள்ளங்கைய உங்களுக்கு நேரா காட்டுனா அது நில்லுன்னும் ஆவும், பயப்படாதன்னும் ஆவும். அவ எங்கிட்ட என்னா சொன்னா? போயிட்டு வாங்கன்னா, என்னைய விட்டுட்டுப் போவாதீங்கன்னா, இல்ல அன்னைக்கு நிறுத்துனீங்களேன்னா? இது தெரியாம ரெண்டு வருசம் ஓட்டியாச்சு. போன ஆடியில பொண்ணுதான் சத்தம் போட்டா, "அந்த அக்கா ஆசப்பட்ட எடத்த நீயாச்சும் பாத்துட்டு வாம்மா"ன்னு, அவளே வர்ற தைக்கு டிக்கெட்டு போட்டுட்டா. அந்த நாலு டைல்ஸப் பாத்தே நானும் பொண்ணுமா பிளானு போட்டோம், ஒரு எடத்தையும் மாத்தல. அஞ்சாவதையும் எடுத்துட்டுப் போலாம்னு ரெண்டு வருசம் கழிச்சு அலமாரியிலேருந்து துணியப் பிரிச்சேன்.

பாத்ததும் அந்தக் கை சின்னதாயிட்ட மாதிரி தெரிஞ்சுது. அந்தோணி அண்ணன்கிட்ட கொண்டுபோயி நீட்டுனேன். டைல்ஸ அளந்தாரு, அப்ப இருந்த அளவுதான். கைய அளந்தாரு, நிறுத்தி மறுபடியும் அளந்தாரு. ஆறரை. மண்ணோட சேந்து நெருப்புல சுருங்க வேண்டியது, இப்பத்தான் அலமாரிக்குள்ள மெதுவாச் சுருங்கிகிட்டிருக்குது. எட்டுல ஒரு பங்குக் கணக்கு முடிய இன்னும் கொஞ்சந்தான் பாக்கி.

"எப்ப கெளம்புறீங்க?"ன்னாரு.

"தையில அண்ணே."

"அதுக்கு முன்னாடி போவ முடியாதா?"ன்னு கேட்டாரு. கேக்குறப்ப அவரு கண்ணு டைல்ஸ விட்டு என் கைமேல இருந்துச்சு.

இன்னும் மூணு மாசம் இருக்குது. போவத்தான் போறேன், என்னா ஆனாலும் அந்தக் கூரையப் பாத்துட்டு அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும். ஆனா நேத்து மத்தியானம் அந்த டைல்ஸ மடியில வெச்சிகிட்டு என் கைய அதுமேல வெச்சுப் பாத்தேன். அன்னைக்கு சுத்தி எடம் இருந்துச்சுன்னு சொன்னேன் இல்லீங்களா, இப்ப எடமே இல்ல. என் கைக்கு எடுத்த மோல்டு மாதிரி ஒக்காருது. சுண்டு விரல் மட்டும் பொருந்தல. அதையும் லேசா உள்ள வளைச்சேன், அது பாட்டுக்குப் போயி ஒக்காந்துகிச்சு.