முன்னால் வைத்த எண்ணெய்த் தொட்டி

உலகப் போர் முடிந்த மறு வருஷம் நானும் என் மனைவியின் அண்ணனும் சேர்ந்து, திரேஸ்புரம் கரையில் சும்மா கிடந்த ஒரு சின்ன மீன்படகை வாங்கிப் பழுது பார்த்தோம். எனக்கு இரும்புக்கடை, அவருக்குக் கருவாட்டுக்கடை. கடலைப் பற்றி எங்கள் இருவருக்கும் தெரிந்தது, அது உப்புக் கரிக்கும் என்பது மட்டும்தான்.

மண்ணெண்ணெயில் ஓடும் பழைய எஞ்சின் ஒன்று படகிலேயே இருந்தது. ஆனால் அதன் தொட்டி சின்னது. முதல் தடவை போனபோதே நடுவழியில் எண்ணெய் தீர்ந்து, வேறொரு படகின் பின்னால் கயிறு கட்டி இழுபட்டு வந்தோம். கரையில் நின்றவர்கள் சிரித்ததை என்னால் தாங்க முடியவில்லை. உடனே ஒரு பெரிய தகரத் தொட்டி செய்யச் சொன்னேன். குளிப்பதென்றால் நானே அதற்குள் உட்கார்ந்து குளிக்கலாம்.

"எஞ்சினுக்குப் பக்கத்துல, நடுவுல வையும் மாப்ள" என்றார் மச்சான்.

நடுவில் வைத்தால் நான் காலை நீட்ட முடியாது. அதை வெளியே சொல்லாமல், "முன்னால வச்சாத்தான் படகு நிதானமா போகும்" என்றேன். சொன்ன தோரணையில் நானே அதை நம்பிவிட்டேன்.

வாய் வரை எண்ணெய் நிரப்பிப் புறப்பட்டோம். படகின் மூக்கு தண்ணீரை முத்தமிடப் போவது போல இறங்கியது. கரை மறைவதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது. பக்கத்தில் போன படகிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்: "என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் எண்ண தீந்துட்டா?"

"தொட்டி நெறைய இருக்கு!" என்று பெருமையாகக் கத்தினேன். அந்தப் படகில் எழுந்த சிரிப்பு எங்கள் படகு வரை வந்து சேர்ந்தது.

அப்போதுதான் புரிந்தது. முன்பக்கம் தாழ்ந்ததால் தொட்டி எஞ்சின் மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. எண்ணெய் ஏறி வராது. மச்சானுக்கு நல்ல கனமான உடம்பு. அவரைப் பின்கோடியில் உட்காரச் சொன்னேன். மூக்கு நிமிர்ந்தது, எஞ்சின் ஓடியது. தூண்டிலில் மீன் இழுக்கிறதே என்று ஆசையாக அவர் எழுந்தார். எஞ்சின் செத்தது.

"எந்திரிக்காதிய மச்சான்!"

"நான் என்ன மனுசனா, எடைக்கல்லா?"

கரை சேரும் வரை அவர் பின்கோடியை விட்டு அசையவில்லை. இரவு அவருடைய முதுகுக்கு எண்ணெய் தேய்த்தபடி, "எங்க அண்ணன விட ஒமக்குக் காலு நீட்டுறதுதான் பெருசா?" என்று கேட்டாள் என் மனைவி. நான் வாய் திறந்து சொல்லாத அந்தக் காரணம் அவளுக்கு எப்படித் தெரிந்ததோ!

மறுநாளே தொட்டியை நடுவுக்கு நகர்த்தி, உயரமாகப் பலகை அடித்து அதன்மேல் ஏற்றினோம். அதன்பின் எஞ்சின் ஒருநாளும் மக்கர் செய்யவில்லை. மச்சான் நின்றுகொண்டே மீன் பிடித்தார். நான் முழங்காலை மடக்கி, கசியும் தொட்டியில் சாய்ந்தபடியே போய் வந்தேன். மண்ணெண்ணெய்க்கு ஊரே அலைந்த காலம் அது. கடையில் நான் உட்கார்ந்தால் போதும், என் சட்டையில் ஊறிய மண்ணெண்ணெய் வாசத்தைப் பிடித்துக்கொண்டு யாராவது பாட்டிலோடு வந்து நிற்பார்கள்.

"அண்ணாச்சி, எங்கன ஒளிச்சு வச்சிருக்கிய?"