ஏழு வயதுக்கு யூதர் கதை

சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது லேசு. பெற்றோருக்குப் பதில் சொல்வதுதான் வேலை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இத்தாலியில் பலெர்மோ நகரில், பிரான்காச்சோப் பகுதித் தொடர்மாடி ஒன்றின் கீழறையில் என் வகுப்பு. பதினொரு பிள்ளைகள். தை மாதம் இத்தாலியப் பள்ளிகளில் கொல்லப்பட்ட யூதரை நினைக்கும் நாள் வரும். பிள்ளைகள் பாதி விளங்கி வந்து நின்றார்கள். மீதியை நான் சொன்னேன். பெற்றோர் வகுப்பையே பூட்டப் பார்த்தார்கள்.

விளக்கு

சாவை முதலில் சொல்லக்கூடாது. வாழ்ந்ததைச் சொல்ல வேண்டும். வெள்ளி பொழுதுபட யூத வீடுகளில் அம்மா மெழுகுதிரி கொளுத்துவா, பன்றி இறைச்சி தொடமாட்டார்கள் என்றேன். முன்வரிசையில் இருந்த கவின் வீட்டிலும் வெள்ளி என்றால் விளக்கு, மரக்கறி. யோசித்துவிட்டுக் கேட்டான்:

"அப்ப அவை சைவமோ, மாஸ்டர்?"

பலகை

அடுத்த சனி பஸ்ஸில் ஏற்றிப் பழைய யூதத் தெருக்களுக்குக் கூட்டிப்போனேன். அங்கே பெயர்ப் பலகையில் இத்தாலியன், எபிரேயம், அரபு மூன்றும் உண்டு. ஐந்நூறு வருசத்துக்கு முன் அரசன் யூதரைத் துரத்திவிட்டான், அவர்கள் எழுத்தை இப்போதுதான் திரும்ப வைத்தார்கள் என்றேன். விடுமுறைக்கு வன்னி போய்வந்த அபி அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மான்ரை ஊரிலை மற்றமாதிரி. ஆக்கள் இருக்கினம், புதுப் போர்ட்டிலைதான் தமிழ் இல்லை."

மறிக்காத டீச்சர்

மூன்றாம் சனி கொலைக்கு வந்தேன். படம் காட்டவில்லை. எண்பது சொச்ச வருசத்துக்கு முன் இந்த நாட்டுப் பள்ளிகளில் ஒருநாள் யூதப் பிள்ளைகளை இனி வராதே என்று அனுப்பினார்கள். பிறகு ரயிலில் ஏற்றினார்கள். பலர் திரும்பவில்லை. அவ்வளவுதான். "டீச்சர் மறிக்கேல்லையோ?" என்றாள் அபி. அநேகம் பேர் மறிக்கவில்லை என்றேன்.

மறுநாள் அவள் தகப்பன் ரவி வந்தான். நகர நடுவில் பொலிதேயாமாப் பக்கம் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறவன். "பிள்ளை நித்திரை கொள்ளேல்லை, மாஸ்டர். எங்கடை சனம் செத்ததையே ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்கள் ஆரோ செத்ததைச் சொல்லுறியள். நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி ஒருத்தரும் பிள்ளையளை அனுப்பமாட்டம்."

"நிப்பாட்டமாட்டன். நாங்கள் ஒருத்தரையும் கேளாமல் எங்களை ஆர் கேக்கிறது? ஒரு பிள்ளை வந்தாலும் சொல்லுவன்." கதவைச் சாத்தினேன்.

அடுத்த சனி நாலு பிள்ளைகள். நாலுக்கும் சொல்லத் தொடங்கினேன். பத்து நிமிடம் பிந்தி அபியோடு ரவி வந்தான். முகம் கடுகடுவென்று இருந்தது.

"டீச்சர் ஏன் மறிக்கேல்லையெண்டு கிழமை முழுக்கக் கேட்டு என்ரை உயிரை எடுக்கிறாள். எனக்கு என்ன தெரியும்? நீங்களே சொல்லுங்கோ. நான் பின்னுக்கு இருப்பன். கூடக் குறையக் கதைச்சால் எழும்பிப் போவன்."

ஏழு வயதுக்கென்று தொடங்கிய பாடத்தில் அன்றிலிருந்து நாற்பது வயதில் ஒருவன் சேர்ந்திருக்கிறான், எழும்பிப் போகவும் மாட்டான், வாயை மூடவும் மாட்டான்.