அக்கா போட்ட ரயில் கணக்கு

புதுப் பாப்ளின் துணியில் ஒரு கஞ்சி வாசனை இருக்கும். அதோடு தையல் மெஷின் எண்ணெய் வாசனையும் கலந்தால், அதுதான் நெமிலிச்சேரியில் எங்கள் வீட்டு வாசனை. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அப்பா வேலை பார்த்த அம்பத்தூர் கம்பெனியை மூடிய பிறகு, என் அக்கா செல்வி அந்த வாசனைக்குள்ளேயே காலையிலிருந்து பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தாள். கரையான்சாவடியில் ஒரு பாய் நடத்திய துணிக்கடைக்கு உள்பாவாடை தைத்துக் கொடுத்தாள். பத்தாவதில் நான் பிறகு வாங்கியதைவிட நல்ல மார்க்கு வாங்கியவள். இரண்டு பேரைப் படிக்க வைக்க முடியாது, பையன் படிக்கட்டும் என்று அம்மா சொன்னதும் அக்கா மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் பட்டாபிராமில் பதினொன்றாவது சேர்ந்தேன். இயற்பியலில் ஆரம்பத்திலேயே நேர்க்கோட்டு இயக்கம் வந்தது. மூன்று சமன்பாடுகள். எதை எங்கே போடுவது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை. கணக்கில் கார் புறப்படும், கல் மேலே போகும், நான் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பேன்.

வாரத்துக்கு ஒருமுறை தைத்த பாவாடைகளைக் கட்டாகக் கட்டி சைக்கிளில் வைத்து பாய் கடையில் போட்டுவிட்டு வருவது என் வேலை. ஒருநாள் கட்டு அவிழ்ந்து ரோட்டில் கொட்டியதை என் வகுப்புப் பையன்கள் பார்த்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து எனக்குப் பெயரே "பாவாட". "இன்னா பாவாட, இன்னிக்கு எத்தினி டஜன்?" என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அக்காவிடம் எரிந்து விழுவேன்.

அந்தச் சமயத்தில்தான் இந்தக் கணக்கு வந்தது. ஒரு ரயில் புறப்பட்டு, இருபது வினாடியில் வினாடிக்குப் பதினைந்து மீட்டர் வேகத்துக்கு வருகிறது. அதே வேகத்தில் அறுபது வினாடி ஓடுகிறது. பிறகு பிரேக் போட்டுப் பத்து வினாடியில் அடுத்த ஸ்டேஷனில் நிற்கிறது. இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? நேரத்தைக் கீழேயும் வேகத்தை மேலேயும் வைத்துப் படம் வரைந்துவிட்டேன். ஒரு சாய்வு ஏறி, சமமாகப் போய், இன்னொரு சாய்வு இறங்கியது. அதற்கு மேல் ஓடவில்லை. துணி வெட்டிக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இது இன்னாடா, நம்ம பாவாட துண்டு மாதிரி கீது."

உள்பாவாடைத் துண்டு இடுப்பில் குறுகலாகவும் காலில் அகலமாகவும் இருக்கும். துணி வீணாகாமல் இருக்க, ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் ஒட்டிப் போட்டு வெட்டுவார்கள். அக்கா கையிலிருந்த சாக்குக் கட்டியாலேயே என் நோட்டில் கோடு போட்டாள்.

"மேல அறுவது, கீழ மொத்தம் தொண்ணூறு, ஒசரம் பதினஞ்சு. இன்னொண்ண தலகீழா பக்கத்துல போட்டா நூத்தம்பது நீளம் வந்துச்சா? பதினஞ்சால பெருக்கு, அதுல பாதி நம்ம துண்டு. ஆயிரத்து நூத்தி இருவத்தஞ்சு. அவ்ளோதான்டா."

துணிக்குச் சரி, ரயில் போன தூரத்துக்கு எப்படி என்று கேட்டேன். வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தூரம் என்று உன் புத்தகத்தில்தானே போட்டிருக்கிறது, நீளத்தை அகலத்தால் பெருக்குவதும் அதேதான் என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சரியா இருந்துச்சுன்னா சொல்லு. நானும் ப்ளஸ் டூ பிரைவேட்டா எழுதலாமான்னு உங்க சார நானே வந்து கேக்கறேன்."

மறுநாள் சார் என்னைத்தான் போர்டுக்குக் கூப்பிட்டார். அக்கா சொன்னதை எழுதினேன். சார் பக்கத்திலேயே சமன்பாடு வைத்து மூன்று பகுதியாகப் போட்டுக் கூட்டினார். அதே விடை. இரண்டு விடைக்கும் கீழே கோடு போட்டுவிட்டு, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். கடைசி பெஞ்சில் என்னைப் "பாவாட" என்று கூப்பிடுகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"நானே போட்டேன் சார்."

சார் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். அவர்களும் தட்டினார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததுமே அக்கா மெஷினை நிறுத்தினாள். சார் என்ன சொன்னார் என்று கேட்டாள். அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்பது ஒன்றுதான் என் மண்டையில் இருந்தது.

"தப்புன்னுட்டாருக்கா. துணி வேற, பிசிக்ஸ் வேறயாம்."

எந்த இடத்தில் தப்பு என்று கேட்டாள். எல்லாமே என்றேன். "அதான பாத்தேன்" என்று லேசாகச் சிரித்துவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

அதன் பிறகு என் புத்தகத்தை அவள் தொடவில்லை. அடுத்த கணக்குகளை எனக்குப் போட்டுக்கொடுக்க ஆள் இல்லை. அந்த வருஷமே பெயிலாகி, அம்பத்தூரில் ஒரு லேத்துப் பட்டறைக்குப் போய்விட்டேன். உண்மையைச் சொல்ல எனக்கு ஆறு வருஷம் இருந்தது. போன மாதம் மஞ்சள் காமாலையில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அந்த நாளைக்கு அவள் இல்லை.

இப்போது வீட்டில் மெஷின் சத்தம் இல்லை. கஞ்சி வாசனையும் போய்விட்டது. நேற்று அவள் சாமான்களை எடுத்து வைக்கும்போது, துணி வெட்ட வைத்திருந்த அளவு அட்டை கிடைத்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் அந்த ரயில் படம், பால்பாயிண்ட் பேனாவில். எங்கே தப்பு என்று தேடியிருக்கிறாள். துண்டு துண்டாகப் பிரித்து ஒருமுறை, சேர்த்து ஒருமுறை என்று நான்கு தடவை போட்டிருக்கிறாள். நான்கு தடவையும் ஆயிரத்து நூற்று இருபத்தைந்துதான் வந்திருக்கிறது. நான்கையும் குறுக்கே கோடு போட்டு அடித்திருக்கிறாள்.

படிக்கிற உங்களுக்குச் சொல்கிறேன். அந்த விடை சரி. எங்கள் சார் அன்றைக்கே சொல்லிவிட்டார். அவளிடம்தான் நான் சொல்லவில்லை.