எண்பத்தெட்டில் நின்ற முழங்கால்

முழங்காலை மடக்கிவிடுவது ஓர் உத்தியோகம் என்று சொன்னால் நல்ல முழங்கால் உள்ளவர்கள் சிரிப்பார்கள். ஆகவே அவர்களுக்காக இதை எழுதவில்லை. கதிரையை விட்டு எழும்ப மேசையைப் பிடிப்பவர்கள், படியைக் கண்டதும் பெருமூச்சு விடுபவர்கள், பஸ்ஸில் காலை நீட்ட ஓரச் சீட்டுக்குச் சண்டை போடுபவர்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நாமெல்லாம் ஒரே கட்சி. சண்டைக் காலத்தில் திருகோணமலையில் நான் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். மாற்று முழங்கால் வைத்தவர் அப்போது எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவருடைய கதை இது. இடையிடையே என்னுடைய கதையும் வரும்.

மடக்கிறவர்

சிவபாக்கியம் ரீச்சர் ஊருக்குள் ஓர்ஸ் ஹில் பக்கம் தனியாக இருந்தார். கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள் சுபா கனடாவில். மகளின் வற்புறுத்தலில் கொழும்புக்குப் போய் வலது முழங்காலை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். ஆஸ்பத்திரி வேலை முடிந்த பிறகு வீட்டுக்கு வந்து காலைப் பழக்கிவிடும்படி எனக்குச் சொல்லியனுப்பினார்.

முதல் நாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழைந்தேன். பக்கத்து வீட்டு நேசம்மாதான் ரீச்சருக்குச் சமைத்துக் கொடுப்பவர். "கால் மடக்கிறவர் நாலு மணிக்கு வருவார்" என்று ரீச்சர் அவரிடம் சொல்லி வைத்திருந்தார். என்னைக் கண்டதும் நேசம்மா ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி, "மடக்கிறவர் வந்திட்டார்!" என்று கூவினார். அந்த நாளில் மடக்குவது என்றால் ஆட்களைச் சுற்றிவளைத்துப் பிடிப்பது என்றுதான் அர்த்தம். றேடியோக்கள் நின்றன. பாதி சவரம் செய்த முகத்தோடு ஒருவர் பின்வேலியால் பாய்ந்தார். இரண்டு நிமிடத்தில் ஒழுங்கையில் நானும் என் சைக்கிளும் மட்டும்தான் நின்றோம். நேசம்மா தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயோ தம்பி, நான் காலைச் சொன்னனான். அவங்கள் ஆளையெண்டு நினைச்சிட்டாங்கள்."

மடி

அன்றைக்குக் கால் ஐம்பது பாகைகூட மடங்கவில்லை. புது மூட்டு வைத்தால் எல்லாம் சரி என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். மூட்டுத்தான் புதிது, சுற்றியுள்ள தசை பழையது, வெட்டுப்பட்ட கோபமும் அதற்கு இருக்கும். மூன்று மாதத்துக்குள் மடங்கப் பழகாவிட்டால் உள்ளே இறுகிவிடும். பிறகு மயக்க மருந்து கொடுத்துப் பலவந்தமாகத்தான் மடக்க வேண்டும். தொண்ணூறு பாகையைத் தாண்டினால்தான் விமானப் பயணத்துக்குக் கடிதம் தருவேன் என்று கொழும்பு டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ரீச்சருக்கு அந்தக் கடிதம் அவசரம். சுபாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடத்துக்குப் பிறகு முதல் பிள்ளை வயிற்றில். பிள்ளை பிறக்கும்போது தான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது ரீச்சரின் ஒரே எண்ணம். விசா வந்து மேசை லாச்சியில் கிடந்தது. கால் மட்டும்தான் பாக்கி. "ரீச்சர், கொஞ்சம் நோகும்" என்று நான் சொன்னபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"பிள்ளையைக் குளிப்பாட்ட நீட்டின கால் காணும், தம்பி. நித்திரையாக்கத்தான் மடி வேணும். கால் மடங்காட்டி மடி எங்கயிருந்து வரும்?"

இரண்டு கணக்கு

கோணம் அளக்க என்னிடம் இரண்டு பிளாஸ்டிக் கைகள் உள்ள ஒரு கருவி இருந்தது. எங்கள் தொழிலில் நீட்டிய கால் பூச்சியம். மடங்க மடங்க எண் ஏறும். மூன்றாம் கிழமை "எழுபது!" என்று சந்தோசமாகச் சொன்னேன். ரீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. அலுமாரிக்கு மேல் இருந்த, கரும்பலகையில் வைக்கும் பெரிய மரப் பாகைமானியை எடுக்கச் சொல்லித் தானே அளந்து, "நூற்றிப்பத்து" என்றார்.

அவருக்கு நேர்கோடு என்றால் நூற்றியெண்பது. தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவில் இருப்பதுதான் கோணம். கால் மடங்க மடங்க அவருடைய எண் இறங்கும். இருவர் எண்ணையும் கூட்டினால் எப்போதும் நூற்றியெண்பது வரும். தொண்ணூறில் மட்டும்தான் நாங்கள் ஒத்துப்போக முடியும். இது விளங்காத மகளிடம் ரீச்சர் ரெலிபோனில் "நூற்றிப்பத்து" என்று சொல்லிவிட்டார். சுபா டிக்கெட் எடுக்கப் புறப்பட்டுவிட்டாள். "இல்லைப் பிள்ளை, எழுபதுதான்" என்று மறுநாள் நான் சொல்ல, அந்தப் பிள்ளை அங்கே அழுதது. ரீச்சருக்கு அதில் கவலை இருந்தது, தன் கணக்கில் சந்தேகம் இருக்கவில்லை.

"நேராக் கிடக்கிற காலைப் பூச்சியம் எண்டு நான் ஒரு பிள்ளைக்கும் படிப்பிக்கேல்லை."

எக்ஸ்றே

ரெலிபோன் பேச ரவுணில் கொமினிக்கேசன் என்று நாங்கள் சொல்லும் ரெலிபோன் கடைக்குத்தான் போக வேண்டும். நடுவில் ஒரு சோதனைச் சாவடி. எல்லோரும் ஓட்டோவால் இறங்கி நடக்க வேண்டும். ரீச்சரின் முழங்காலுக்குக் கிட்டக் கொண்டுபோனதும் ஆமிப் பெண்ணின் கையில் இருந்த கருவி கத்தியது. திரும்பவும் வைத்தாள், திரும்பவும் கத்தியது. சேலையைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னாள். ஒரு சாண் நீளத்துக்குத் தையல். உடம்பில் தையலும் உள்ளே இரும்பும் இருந்தால் அந்த நாளில் சண்டையில் காயப்பட்ட ஆள் என்றுதான் நினைப்பார்கள்.

ரீச்சர் அவசரப்படவில்லை. குடைக்குள் சுருட்டி வைத்திருந்த எக்ஸ்றேயை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து, பாடம் நடத்துவது போல் விரலால் தொட்டுக் காட்டினார். அந்தப் பெண் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு தன் கையாலேயே ரீச்சரைப் பிடித்து ஓட்டோவில் ஏற்றினாள். தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லைத் தேடிப் பிடித்துச் சொன்னாள்:

"எங்கட அம்மாவுக்கும் முழங்கால் இருக்கு."

தொம்

துறைமுகத்துக்குள் கப்பலைத் தகர்க்க மூழ்கி வருபவர்களைப் பயமுறுத்த நேவி தண்ணீருக்குள் குண்டு போடும். தொம் என்று அடியில் இருந்து ஒரு சத்தம் வரும், யன்னல் கண்ணாடிகள் ஒருமுறை நடுங்கும். அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. ரீச்சர் அதையும் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். குதிக்காலைக் கதிரைக்குக் கீழே இழுத்து மடக்கிப் பிடித்தால் அடுத்த தொம் வரும்வரை விடுவதில்லை. சில நாள் உடனே வரும். சில நாள் கண்ணில் தண்ணீர் வரும், தொம் வராது.

அன்புவழிபுரத்தில் நான் இருந்த வீட்டில் இரண்டு அறை, ஒரு குசினி, நாலு கதிரை. மனைவியும் மகளும் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய்த் திருச்சியில் தங்கிவிட்டார்கள். உத்தியோகம் என்று நான் மட்டும் நின்றுவிட்டேன். மூன்று கதிரையில் தூசி. பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் ஆட்களோடு பேசினாலும் அது 'மடக்குங்கோ, நீட்டுங்கோ' என்ற பேச்சுத்தான். திங்கள், புதன், வெள்ளி நாலு மணிக்கு ரீச்சர் வீட்டில் தேத்தண்ணி. அங்கே மட்டும்தான் என்னைப் பற்றி ஒருவர் விசாரித்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், செவ்வாயும் வியாழனும் எனக்குப் பிடிக்காமலே போய்விட்டன.

"மத்தியானம் சாப்பிட்டனீங்களோ, தம்பி? கடைப் பாணைச் சாப்பாடெண்டு சொல்லாதேங்கோ."

எண்பத்தெட்டு

போகும் நாளெல்லாம் அளந்ததை ஓர் அட்டையில் எழுதுவேன். வெள்ளிக்கிழமைகளில் அந்த எண்களைத் தபாலில் கொழும்பு டொக்டருக்கு அனுப்புவேன். ஏழாம் கிழமை வெள்ளி எண்பத்துநாலு. அடுத்த திங்கள் தொம் வர நன்றாகப் பிந்தியது. ரீச்சர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். என் கருவியில் தொண்ணூற்றிரண்டு. ரீச்சர் தன் பாகைமானியை வைத்து, "எண்பத்தெட்டு!" என்று கைதட்டினார்.

பேனையைத் திறந்துகொண்டு யோசித்தேன். தொண்ணூற்றிரண்டு என்று எழுதினால் கடிதம் வரும், டிக்கெட் வரும், ரீச்சர் போய்விடுவார். அட்டையில் எண்பத்தெட்டு என்று எழுதினேன். கை தவறி எழுதவில்லை. அவர் வாயால் வந்த எண்தானே, இதில் என்ன பொய் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். புதன் என் கணக்கில் தொண்ணூற்றைந்து, அட்டையில் எண்பத்தைந்து. வெள்ளி தொண்ணூற்றெட்டு, அட்டையில் எண்பத்திரண்டு. அப்படியே தபாலில் போட்டேன். இன்னும் ஒரு கிழமை, அவ்வளவுதான் நினைத்தேன். வாசல் படலையடியில் நேசம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"ரீச்சர் இப்ப நல்லா நடக்கிறா. நீங்கள்தான் தம்பி வாடிப்போனீங்கள்."

தந்தி

அடுத்த திங்கள் ஊரடங்கு. புதன் நான் போனபோது வீட்டுக்குள் ஒப்பாரி. கொழும்பில் இருந்து தந்தி வந்திருந்தது. தந்தி என்றாலே எங்களுக்குச் சாவுதான். அதைக் கையில் வாங்கிய நேசம்மா உடைத்துப் பார்க்காமலே நெஞ்சில் அடித்து அழுதுகொண்டிருந்தார். ரீச்சர் கதிரையின் முதுகைப் பிடித்தபடி "சுபா, சுபா" என்று நின்றார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

உடைத்து வாசித்தேன். கால் பின்னோக்கிப் போகிறது, உடனே வரவும், மயக்கி மடக்க வேண்டும். எண்பத்தெட்டு, எண்பத்தைந்து, எண்பத்திரண்டு என்று இறங்கினால் எந்த டொக்டரும் அப்படித்தான் நினைப்பார். அந்த நேரம்வரை இது என் புத்திக்கு எட்டவில்லை. ரீச்சர் என் கையில் இருந்து தந்தியை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"அழுகையை நிப்பாட்டு, நேசம்மா. இது சாவில்லை. கணக்குப் பிழை."

பிழை திருத்தம்

நேசம்மா போனதும் ரீச்சர் அட்டையைக் கேட்டு வாங்கினார். சிவப்புப் பேனையால் கடைசி எண்களுக்கு நேரே ஒவ்வொன்றாகப் பிழை போட்டார். "நீங்கள் போயிடுவீங்கள் எண்டுதான், ரீச்சர்" என்றேன். நாற்பது வயது ஆம்பிளை சொல்லுகிற நியாயமா இது. அவர் ஏசவில்லை. அட்டையின் அடியில் 'பிழை திருத்தம்' என்று எழுதிக் கோடு போட்டு என்னிடம் நீட்டினார். தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றெட்டு என்று பள்ளிக்கூடப் பிள்ளை போல எழுதிக் கொடுத்தேன்.

முதல் திங்களே அவர் அட்டையைப் பார்த்துவிட்டாராம். தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் விரித்தபடிதானே கிடந்தது. "தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன். துறைமுகத்தில் ஒரு தொம் கேட்டது. கண்ணாடி நடுங்கி ஓய்ந்த பிறகு சொன்னார்:

"ஒரு கிழமை பிந்தினா என்ன எண்டு நானும் நினைச்சிட்டன், தம்பி. நாலு மணி எனக்கும் வாறதுதானே."

எந்தக் கணக்கு

அன்றைக்கே கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தேன். டொக்டர் நம்பவில்லை. ஆளை நேரில் பார்க்காமல் கடிதம் தரமாட்டேன் என்றார். ஊரை விட்டுப் போக ஆமியிடம் பாஸ் எடுத்து, பஸ் பிடித்து, காத்திருந்து, காலைக் காட்டி, கடிதம் வாங்கி, ரீச்சர் கனடாவில் போய் இறங்க மூன்று கிழமை ஆகிவிட்டது. பிள்ளை காத்திருக்கவில்லை. ரீச்சர் போய்ச் சேர்வதற்கு நாலு நாள் முந்திப் பிறந்துவிட்டது. அந்த நாலு நாளும் என் பேனையால் போனவை. திங்கட்கிழமை நாலு மணிக்கு இரண்டு தரம் பழக்கதோசத்தில் ஒழுங்கைவரை போய், பூட்டிய படலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

சில மாதம் கழித்து, ஞாயிறு பத்து மணிக்குக் கொமினிக்கேசனுக்கு வரும்படி நேசம்மா மூலம் செய்தி வந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியதையெல்லாம் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். ரீச்சர் அதற்கு இடம் தரவில்லை. பிள்ளை மடியில் நித்திரையாம். மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் கதைக்க ஆளில்லையாம். யன்னலைத் திறக்கவே ஏலாதாம், வெளியில் ஒரு சத்தமும் இல்லையாம். பேச வேறொன்றும் வராமல், கால் இப்போது எத்தனை பாகை என்று கேட்டேன். "அதை விடுங்கோ தம்பி. இஞ்ச கதிரையெல்லாம் உயரம். எண்பத்தெட்டே காணும்" என்றார். "எந்தக் கணக்கில, ரீச்சர்?" என்றேன். என் கணக்கில் எண்பத்தெட்டுக்குக் கடிதமும் இல்லை, பயணமும் இல்லை.

"உங்கட கணக்கிலதான், தம்பி."

இத்தனை வருடத்தில் ஊரார் முழங்காலையெல்லாம் மடக்கியிருக்கிறேன், என் வீட்டில் தூசி பிடித்த மூன்று கதிரையில் ஒன்றிலாவது இருத்த ஓர் ஆளை மடக்கத்தான் என்னால் ஏலவில்லை.