குளிசையும் பாற்செம்பும்

அந்தக் குளிர்காலத்தில் என் கைகள் இரண்டும் தோளுக்கு மேலே எழ மறுத்துவிட்டன. அலுமாரியின் மேல்தட்டில் இருந்து ஒரு கோப்பை எடுப்பதற்குக்கூட என் கணவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. தசைகளில் அழற்சி என்று சொல்லி வைத்தியர் பிரெட்னிசோலோன் குளிசை எழுதித் தந்தார். ஸ்டீரொயிட் என்றதும் பயந்தேன். ஆனால் மூன்றாம் நாள் நானே யன்னல் திரைகளைக் கழற்றித் தோய்த்தேன். சந்தோசம் தாங்க முடியவில்லை. கோடைத் தேர்த் திருவிழாவில் தலையில் பாற்செம்பு எடுக்கிறேன் என்று, இந்த வெளிநாட்டில் எங்கள் ஆட்கள் கட்டிய ஊன்ட்றொப் கோயில் அம்மனுக்கு அன்றைக்கே நேர்த்தி வைத்தேன்.

குளிசை கைகளோடு சேர்த்து ஒரு அசுரப் பசியையும் தந்தது. முகமும் உருண்டது. வுப்பர்டால் நகரத் தமிழ்க் கடையில் ஒருத்தி, "அக்கா, இப்பதான் நல்ல வடிவா வந்திருக்கிறியள்" என்றாள். நான் மறுக்கவில்லை. சும்மா கிடைக்கும் புகழை விடுவானேன்?

தேருக்கு மூன்று நாள் இருக்க விரதம் தொடங்கினேன். விரதம் பிடிப்பதில் நான் கெட்டிக்காரி, அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. காலைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டிய குளிசை அது. சாப்பாடு இல்லையென்றால் குளிசையும் இல்லை என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். கைதான் சுகமாகிவிட்டதே! கணவரிடம் மூச்சு விடவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் தலை சுற்றியது, குமட்டி ஓங்காளித்தது, தோள்கள் பழையபடி பூட்டிக்கொண்டன. உண்மையைக் கக்கினேன். கணவர் உடனே காரில் ஏற்றி வைத்தியரிடம் கொண்டுபோனார். வைத்தியர் ஏசவில்லை, அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. மாதக்கணக்கில் இந்தக் குளிசை எடுத்தவரின் உடம்பு, தானாகச் சுரக்க வேண்டிய அதே வகை ஹோர்மோனைக் குறைத்துவிடுமாம். சட்டென்று நிறுத்துவது ஆபத்து, தான் சொல்லும் அளவில் மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும் என்றார். இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, ஏதாவது சாப்பிட வைத்து, தன் கண் முன்னாலேயே குளிசையை விழுங்க வைத்தார். தேரன்றும் காலையில் சாப்பிட்டுக் குளிசை எடுக்க வேண்டும், உடம்பு இடங்கொடுத்தால் மட்டும் கோயிலுக்குப் போகலாம் என்றார்.

திரும்பி வரும்போது காரில் அழுதேன். "சாப்பிட்டிட்டு எப்பிடியப்பா பாற்செம்பு எடுக்கிறது? என்னால ஏலாது."

"நீர் சாப்பிடும். விரதத்தை நான் பிடிக்கிறன்" என்றார் கணவர்.

"நீங்களோ?"

"ஓம், நான்தான். வீட்டில ஒராள் பசியோட நிண்டால் அம்மனுக்குப் போதும்."

பதினொரு மணிக்கு ஒரு வடையாவது கிடைக்காவிட்டால் உலகத்தையே வெறுக்கும் மனிதர் இதைச் சொன்னார். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்தது.

தேரன்று காலை தோள் இளகியிருந்தது, தலைச்சுற்றும் இல்லை. கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளிக் காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஐந்து இட்டலி சம்பலோடு சாப்பிட்டேன், பிறகு குளிசை. மணம் தாங்காமல் அவர் வெளியே இறங்கி வீதியோரக் கால்வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோயிலில் பாற்செம்பைத் தலையில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்தேன். நோகவில்லை. அவர் வேர்க்க விறுவிறுக்க என் பக்கத்திலேயே நடந்தார். வழியில் யாரோ மோர் நீட்டினார்கள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். முப்பது வருடக் குடித்தனத்தில் இந்த மனிதர் ஒன்றை வேண்டாம் என்று சொல்லி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாலை அபிசேகத்துக்குக் கொடுத்துவிட்டு, கைகளைத் தலைக்கு மேலே குவித்தேன். என்ன கேட்பதென்றே தெரியவில்லை. இவருக்குக் கெதியாக, உடனேயே சோறு கிடைக்கட்டும் என்று மட்டும் கும்பிட்டேன்.