அப்பா கண்ணாடியைக் கழற்றும் காட்சி

இன்று ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டு அக்கா போனில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பார்த்துக்கொண்டு வந்தார்.

அதில் டாக்டர் வேஷத்தில் என் அப்பா வந்தார். அக்கா அந்தக் காட்சியைப் பார்க்காமல் வேகமாக ஓட்டிவிட்டார்.

“அக்கா, அதைக் கொஞ்சம் பின்னாடி ஓட்டிப் போடுங்களேன்.”

“அதுல என்ன தாயி இருக்கு? இந்த மனுசன் கண்ணாடியக் கழட்டுவாரு, ‘இனிமே ஆண்டவன் விட்ட வழி’ம்பாரு. எந்தப் படத்துலயும் ஒருத்தரையும் பொழைக்க வச்சதில்ல.”

சொல்லிக்கொண்டே போட்டுக் காட்டினார். அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

அது என் அப்பா என்று நான் சொல்லவில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நிஜ டாக்டர் வந்து கண்ணாடியைக் கழற்றினார். அவர் வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். இப்போது அப்பாவும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, வீட்டுப் பூட்டைத் திறக்கும்வரை யோசித்தேன். அக்காவுக்குப் பதில் சொல்ல ஒரு படம்கூட நினைவுக்கு வரவில்லை.

பழைய படம் பார்ப்பவர்களே, அப்பா ஒருவரையாவது பிழைக்க வைத்த படம் உண்டா? படத்தின் பெயரைக் கமெண்ட்டில் போடுங்கள். முழுப் படத்தையும் பார்க்கிறேன். வீட்டில் ரிமோட்டைப் பிடுங்க ஆளில்லை.