என் மகள் தானாக ஒட்டிய படம்

ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. வருவார்கள், பிள்ளை பேசுமா, தூங்குமா, கடிக்குமா என்று கேட்பார்கள், எழுதிக்கொண்டு போவார்கள். அப்புறம் ஆள் அட்ரஸே இருக்காது. அதனால் கோட்டூர்புரத்தில் எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு அந்தப் பெண் முதல்முறை வந்தபோது நான் உட்காரச் சொல்லக்கூட இல்லை. என் மனைவிதான் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அந்தப் பெண் கேள்வி கேட்க வரவில்லை, எங்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்திருந்தாள். வீட்டுக்கே வந்து பெற்றோருக்கு உதவினால் என்ன மாறுகிறது என்று பார்ப்பதுதான் அவர்களுடைய ஆராய்ச்சியாம். வியாழக்கிழமைதோறும் வருவாள். நாங்கள் ‘மிஸ்’ என்று கூப்பிட்டோம்.

எங்கள் மகளுக்குப் பத்து வயது. பேச்சு இல்லை. அதைவிட எங்களை வாட்டியது, அவள் எதையும் கேட்டதே இல்லை என்பதுதான். பசித்தாலும் அழுவாள், வலித்தாலும் அழுவாள். எது என்று நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்களுக்குப் பிறகு யார் கண்டுபிடிப்பார்கள்?

“ஒரே ஒரு தபா இன்னா வோணும்னு அவளா கேட்டுட்டா போதும். நிம்மதியா கண்ண மூடிக்குவேன்” என்பாள் மனைவி.

மிஸ் சுவரில் ஒரு பட்டையை ஒட்டினாள். அதில் ஒட்டி எடுக்கும்படி சின்னச் சின்னப் பட அட்டைகள்: பல் தேய்ப்பது, இட்லி, குளியல், பள்ளி வேன். அடுத்து நடக்கப்போவதை நாங்கள் ஒட்டிக் காட்ட வேண்டும். பிள்ளைக்கு ஏதாவது வேண்டுமென்றால் அவளே எடுத்து ஒட்டலாம்.

“அவ ஒட்டிட்டா உடனே குடுத்துடணும் சார். கேட்டா கிடைக்கும்னு அவளுக்குப் புரியணும்” என்றாள் மிஸ்.

மயிலாப்பூரில் மாட வீதிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அட்டைகளை நானே லேமினேட் செய்தேன். மிஸ் வரும் நாளைக் காட்ட அவர்கள் கொடுத்திருந்த அட்டையில் இருந்தது யாரோ ஒரு பெண்ணின் படம். என் மகள் அதைச் சட்டை செய்யவே இல்லை. நமக்குத் தெரிந்த தொழிலாயிற்றே என்று, மிஸ்ஸையே போனில் படம் பிடித்து, பாஸ்போர்ட் சைஸில் பிரிண்ட் போட்டு, அதையும் ஓர் அட்டையாக்கினேன். மிஸ் சிரித்தாள். மகள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். அன்றிலிருந்து வியாழக்கிழமை நாங்கள் அந்தப் படத்தை ஒட்டியதும் வாசலில் போய் நிற்பாள்.

அழுகை குறைந்தது. வேனில் சண்டையில்லாமல் ஏறினாள். ஆனால் தானாக ஓர் அட்டையைக்கூடத் தொடவில்லை. இட்லிப் படத்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்போம். கடைசியில் மனைவி பொறுக்க முடியாமல் ஊட்டிவிடுவாள்.

ஆராய்ச்சி முடிந்தது. மிஸ்ஸுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. போகும்போது அழுதாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை, அவளுக்கும் பிழைப்பு இருக்கிறது. அவள் படம் மற்ற அட்டைகளோடு டப்பாவிலேயே கிடந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

சில வாரம் கழித்து, ஒரு காலையில் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மனைவி கூப்பிட்ட குரலே வேறு மாதிரி இருந்தது.

“யோவ், இங்க வா. சத்தம் போடாம வா.”

மகள் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். இட்லியை ஒதுக்கினாள், வேனை ஒதுக்கினாள். மிஸ்ஸின் படத்தை எடுத்துச் சுவரில் ஒட்டினாள். எங்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாசலில் போய் நின்றாள்.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “கேட்டுட்டாய்யா. எம்பொண்ணு கேட்டுட்டா” என்றாள். அடுத்த நொடியே முகம் மாறியது. “இப்ப இன்னாத்த குடுக்கறது?”

போன் போட்டேன். மிஸ் உடனே வீடியோ காலில் வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். போனை மகள் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவள் என் கையை ஒதுக்கிவிட்டு மாடிப்படியையே பார்த்தாள். அவளுக்கு வேண்டியது படியேறி வருகிற மிஸ். கண்ணாடிக்குள் தெரிகிற முகத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்.

மறுநாளும் ஒட்டினாள், நின்றாள். அதற்கு மறுநாளும் அப்படியே. அவளுக்குப் பிடித்த முறுக்கைக் கொடுத்தோம். ஆற்றுப் பாலம் வரை நடத்திக் கூட்டிப்போனேன். திரும்பி வந்ததும் வாசலிலேயே நின்றுகொண்டாள். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது, அடிக்கத்தான் ஆள் இல்லை.

பிறகு ஒரு காலையில் அவள் சுவர்ப் பக்கமே போகவில்லை. மனசு கேட்காமல் நானே மிஸ்ஸின் படத்தை எடுத்து ஒட்டினேன். மகள் அதைப் பார்த்தாள். வாசலுக்குப் போகவில்லை. கேட்டால் கிடைக்காது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வேறு எதையும் அவள் இத்தனை சீக்கிரம் கற்றுக்கொண்டதில்லை.